அம்மாவின் படிவத்தில் விடுபட்ட கையெழுத்து

கால் வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லாத என் அம்மாவுக்கு,

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. உன் கடையில் ஸ்டூல் போட்டுவிட்டார்கள். பட்டுப் பிரிவில் கவுன்ட்டருக்குப் பின்னால் ஆளுக்கு ஒன்று. போன வாரம் ஒரு தோழிக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனபோது பார்த்தேன். நீ நின்ற இடத்தில் இப்போது இருக்கிற பெண் உட்கார்ந்தபடியே முந்தானையை விரித்துக் காட்டினாள். நீ பார்த்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பாய், உட்கார்ந்து விரித்தால் பட்டின் நீளம் எப்படித் தெரியும் என்று. பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் ஒருமுறை உட்கார்ந்தும் பார்த்திருப்பாய்.

அப்பா நன்றாக இருக்கிறார். ஆட்டோவை இன்னும் விடவில்லை. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கோயில் வாசலிலிருந்து இன்னொரு கோயில் வாசலுக்குப் போய்வருகிறார். சமையலும் அவர்தான். சாம்பாரில் புளி கூடுதலாகத்தான் இருக்கிறது. நான் சொல்வதில்லை. நீயும் சொன்னதில்லை என்பது நினைவிருக்கிறது.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு முதல் வகுப்பு எடுத்தேன். வழக்கம்போல என் இடக்கையை நீட்டினேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் ஒரு தசைநாண் கயிறுபோலத் தூக்கிக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. எனக்கு இடக்கையில் இல்லை. யாருக்கெல்லாம் இல்லை என்று கேட்டதும் வகுப்பு முழுக்க மணிக்கட்டை மடக்கிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவர்களுடைய பயம் பாதி போய்விடும்.

அது எனக்கு இல்லை என்று நாம் எப்படிக் கண்டுபிடித்தோம், ஞாபகம் இருக்கிறதா? முதலில் உனக்கு இல்லை என்றுதான் தெரிந்தது.

அப்போது நான் மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. தோலுக்கு அடியில் எந்த ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று மேலே கோடு போட்டுப் பழக வேண்டும். விடுதியில் மற்றவர்கள் ஒருவர் கையில் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்த அளவுக்கு யாரிடமும் பழக்கம் வரவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நீ கடையிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் பாயில் படுத்து, கையை நீட்டிவிட்டாய். தமனிக்குச் சிவப்பு ஸ்கெட்ச் பேனா, சிரைக்கு நீலம். பக்கத்து வீட்டுத் தறி அடிக்கிற சத்தத்தில் நீ பாதி வேலையிலேயே தூங்கிப் போனாய்.

அன்று உன் காலைத்தான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். உள்கணுக்காலுக்கு முன்னால் தொடங்கி மேலே ஏறிப்போகிற நீளமான சிரையைப் புத்தகத்தில் நேர்கோடாகப் போட்டிருந்தார்கள். உன் காலில் அது கொடிபோல முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தது. இருபது வருடத்துக்கு மேல் நின்ற கால். கோடு போடத் தேவையே இருக்கவில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன்.

கையில் போட்ட கோடுகள் ஒரு குளியலில் போகவில்லை. திங்கட்கிழமை அப்படியே கடைக்குப் போனாய். புடவை பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி இது என்ன மருதாணி என்று கேட்டாளாம். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது நீயே நடித்துக் காட்டினாய். “என் பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுமா. இது என் ரத்தம் போற வழி, அதுதான் போட்டு வெச்சிருக்குதுன்னேன். அந்தம்மா ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்கினு போச்சு.”

உன் இடக்கையில் அந்தத் தசைநாண் இல்லை என்று நான் சொன்னபோதுதான் நீ பதறினாய். “இல்லாமயா இத்தினி வருஷம் பொடவ மடிச்சேன்?” அது இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, எனக்கும் இல்லை பார் என்று என் கையைக் காட்டினேன். உனக்குத் திருப்தி. குறை என்றாலும் உன்னிடமிருந்துதானே வந்திருக்கிறது.

இவ்வளவு நேரம் சுற்றி வருவது எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன் அம்மா.

நான் உடற்கூறியல் ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாவது வருடம், உடல்தானப் படிவம் ஒன்றை நீயே கேட்டு வாங்கினாய். “உயிரோட இருக்கும்போதே உனக்குப் படிக்கக் குடுத்த ஒடம்புதானே. அப்புறம் மட்டும் எதுக்கு நெருப்புக்கு?” என்றாய். கடையில் பில் போடுகிற அதே குண்டு எழுத்தில் பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினாய். உன்னோடு வேலை பார்த்த அக்கா ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். அந்த இடத்தை விட்டுவிட்டு என் கையில் கொடுத்தாய்.

நான் அதைப் புத்தகத்தில் வைத்தேன். கை, தோள் பற்றிய முதல் பாகத்தில். பத்து நாள் கழித்து நீ கேட்டாய், “குடுத்துட்டியாடி?” கொடுத்துவிட்டேன் என்றேன்.

ஊர் ஊராகப் போய் உடல்தானம் பற்றிப் பேசுகிறவள் நான். தெரியாதவர்கள் பயப்படுவார்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்ததுதான் பிரச்சினை. எஃகு மேசை தெரியும். மணிக்கட்டில் கட்டுகிற எண் தெரியும். பெயர் அங்கே வருவதில்லை. அதெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். உள்ளே எடுத்ததும் முதலில் தலையை மழித்துவிடுவோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீ மருதாணி அரைத்துப் போட்டு, பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருப்பாயே, அந்த முடி. அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

நீ போன அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடை கிடங்கில் சற்று உட்கார்ந்தாய் என்றார்கள். எழுந்திருக்கவில்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கொல்லைக் குழாயடியில் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். “காலேஜுக்குக் குடுக்கறேன்னு உங்கம்மா என்னமோ சொல்லிக்கினு இருந்தாளேம்மா?” என்றார். அப்படி எதுவும் எழுதித் தரவில்லை அப்பா என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் மாலைக்குள் எரியூட்டி எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம்தான் சொல்ல வேண்டி வந்தது.

திருமுக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம், இறந்துபோன பெரியவரோடு வந்தது. நான் பேசிய ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டுப் படிவம் எழுதிக் கொடுத்தவர் அவர். வண்டி எங்கள் கட்டட வாசலில் நின்றது. உடலை இறக்க விடாமல் அவருடைய தம்பி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் வைத்து எரிக்காமல் அறுக்கக் கொடுப்பதா என்று அவர் பேச்சு. மகன் வேலுவுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் கையெழுத்திட்டால்தான் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். உங்க ஊட்டுல யாருனா இப்படி எழுதி வெச்சா, நீங்க குடுப்பீங்களா?”

வழக்கமாக யாராவது கேட்டால் கொடுப்பேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று வேலுவின் சித்தப்பாவும் கதவைப் பிடித்தபடியே என் பதிலுக்குக் காத்திருந்தார். எப்படி என்று தெரியவில்லை, வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. “எங்கம்மா எழுதிக் குடுத்தாங்க. நான் குடுக்கல. மறைச்சிட்டேன்.”

வேலு கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப உங்களுக்கே அப்படித்தான் இருந்துச்சா? நான்தான் கோழன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” பிறகு கேட்டார், “எங்கப்பா உள்ள இருந்தா நீங்க தெனம் பாப்பீங்கல்ல?”

பார்ப்பேன் என்றேன்.

“அப்ப மீசைய மட்டும் எடுக்காதீங்க மேடம். அது இல்லன்னா அவரு எங்கப்பா இல்ல.”

நான் உள்ளே போய்த் துறைத் தலைவரிடம் கேட்டேன். அவர் கோப்பிலிருந்து நிமிரக்கூட இல்லை. “இருக்கட்டுமே, அதுல என்ன?” என்றார். வெளியே வந்து சொன்னதும் வேலு பேனா கேட்டார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அன்று முழுக்க அந்த ஒரு பதில்தான் காதில் இருந்தது. இருக்கட்டுமே, அதில் என்ன. உன் முடியையும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கலாம் அம்மா. வேறு கல்லூரிக்குக் கொடுத்திருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் இந்தப் படிப்பிலேயே இருந்தவளுக்கு, அந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை. உண்மையில் முடிதான் தடையாக இருந்ததா, இல்லை அதைச் சாக்காக வைத்துக்கொண்டேனா? இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். படிவத்தையும் எடுத்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். உன் எழுத்தின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினார்.

“எனக்குத் தெரியும்மா,” என்றார். “எழுதிக் குடுத்த அன்னிக்கே எங்கிட்ட சொன்னா. எனக்கும் குடுக்க மனசு வரல. அதான் ரெண்டாவது வாட்டி கேக்கல.”

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் உன்னை ஏமாற்றியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல். நீ இருந்திருந்தால் எங்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் திட்டியிருப்பாய். பிறகு தோசை ஊற்றியிருப்பாய். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே சொன்னார், “எனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கினு வந்துடாதம்மா. நான் உங்கம்மா மாதிரி தைரியசாலி கெடையாது.” சிரித்துவிட்டோம். உன் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் சிரித்து வெகுநாள் ஆகிறது.

இன்று காலை பெரியவரை மேசைக்குக் கொண்டுவந்தோம். மாணவர்கள் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தார்கள். முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள், மற்றவர்களுக்கெல்லாம் மழித்திருக்க இவருக்கு மட்டும் ஏன் மீசை என்று. அவருடைய மகன் கேட்டுக்கொண்டார் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, யாரும் சொல்லாமலேயே அவர் கையை ஒருமுறை தொட்டாள். இந்த மேசையை வருடம் முடியும்வரை நானே பார்த்துக்கொள்வேன். வேலுவுக்குக் கொடுத்த வாக்கு அது.

உனக்கும் ஒன்று தர வேண்டும். இனி, நீங்கள் கொடுப்பீர்களா என்று யார் கேட்டாலும், கொடுக்காத கதையைச் சொல்வேன். மேடையிலும் சொல்வேன். அவர்கள் தயங்கினால், எதற்காகத் தயங்குகிறீர்கள் என்று கேட்பேன். மீசையா, முடியா, மூக்குத்தியா? அதை முதலில் கேட்டுவிட்டுத்தான் பேனாவை நீட்டுவேன்.

உன் படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. இதை யாரும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் நீ எனக்கென்று விட்டுவைத்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இடக்கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாம் சாட்சி: கோமதி.
விண்ணப்பதாரருக்கு உறவு: மகள்.