உன் தோட்டாப் பெட்டி என்னிடம் இருக்கிறது

வெண்டல்,

காலையில் கராஜுக்குப் போனேன். உன் பெரிய கைத்துப்பாக்கிக்கு நீ தோட்டா தயாரிக்கும் மேசையில் விளக்கு அணைக்காமலே இருந்தது. வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்தாமல் விட்டிருந்த தோட்டாக் கூடுகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டில் மருந்தே இல்லை. ஒன்றில் இருமடங்கு. அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கி உன் கையிலேயே வெடித்திருக்கும்.

நீ முடித்து வைத்த முப்பது தோட்டாக்களை எப்படி நம்புவது? பெட்டியோடு எடுத்துப் போகிறேன், சாயங்காலம் நானே பிரித்துக் கொட்டுகிறேன். வெடிமருந்து அலமாரிச் சாவியும் என்னிடம்தான். மதியம் நம் மகள் கொரின் வந்தால் கடையில் வாங்கிய தோட்டாவை எடுத்துக்கொண்டு சுடப் போங்கள்.

"நாப்பது வருஷமா செய்றேன், எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கத்துவாய். போன வாரம் அடுப்பை அணைக்க மறந்தபோதும் அப்படித்தான் கத்தினாய். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். நானும் உள்ளே வருவேன்.

எல்க் மான்கறி ஃபிரிட்ஜில் இருக்கிறது. மைக்ரோவேவில் சூடாக்கிக்கொள்.

லொரெய்ன்

கொரினிடம் இன்றைக்கு எதுவும் சொல்லவேண்டாம். பெட்டி எங்கே என்று கேட்டால், "உங்கம்மா என் மேசையைக் கலைச்சுட்டா"ன்னு என் மேல் பழியைப் போட்டுவிடு.