பண்டாரியின் மனை

கூத்தாநல்லூர்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவும் நானும் நலம். ஃபாஜில் மாமா நாளை குவைத் திரும்புகிறார். உங்களுக்குக் கொடுத்துவிடும் மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு அடியில் இதை வைக்கப்போகிறேன். போனில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவார். சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா புரளும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணியிருந்தால் கோபிக்காதீர்கள்.

நூலகப் போட்டியில் எனக்கு முதல் பரிசு என்று அம்மா சொல்லியிருப்பார். முன்னோர்களைப் பற்றிய கட்டுரை. நூலகத்தின் பழைய ஆண்டு மலரில், நூலகம் கட்ட இடம் கொடுத்தவர் அப்துல் ஹமீது ராவுத்தர் என்று இருந்தது. நம் வீட்டில் பாட்டனார் பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம்? உங்கள் அத்தா அப்துல் ஹமீது, அவருடைய பாட்டனாரும் அப்துல் ஹமீது. காலமும் ஒத்துவந்தது. அந்தப் பாட்டனார்தான் இந்த ராவுத்தர் என்று எழுதிவிட்டேன். ஊரில் பாதி வீடுகளில் அந்தப் பெயர் உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. தோன்றாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ராவுத்தரின் பெயர்ப்பலகையைத் திறக்கிறார்கள். நம் குடும்பத்துக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ரசியா பேகம் மாமி, "அப்ப இனிமே உங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கே சீட்டு வாங்கணுமா?" என்று கேலி செய்தார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமி போன பிறகு என்னிடம், "இனிமே உங்க அத்தாவ எவளும் எளப்பமா பேசமாட்டா பாரு" என்றார்.

நாம் அவர் வழி வந்தவர்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்று நூலகர் பிரதீபா மேடம் கேட்டதால், பத்திரப் பதிவு அலுவலகத்தில் நம் மனையின் பழைய பத்திரத்துக்கு நகல் மனு போட்டிருந்தோம். நேற்று நான்தான் போய் வாங்கினேன். நம் மனையை எழுதிக்கொடுத்தவர் அந்த ராவுத்தர். வாங்கியவர், "என் வீட்டு விருந்துகளுக்குச் சோறாக்கும் பண்டாரி அப்துல் ஹமீது". நம்மவர் அந்தப் பண்டாரிதான்.

நகலை வேதியியல் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து, இன்னும் வரவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

எனக்கு ஏன் அப்படிக் கூசியது, அத்தா? அவர் ஒன்றும் திருடவில்லையே. பள்ளியில் நீங்கள் ஓட்டல் மேனேஜர் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன பெருநாளில் தோழிகள் வந்திருந்தபோது வீடியோவில் வந்தீர்கள். "அந்தச் சமையல் தொப்பியக் கழட்டிட்டு வாங்கத்தா" என்று கிசுகிசுத்தேன். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. கழற்றிவிட்டு, அடுப்பு தெரியாதபடி சுவரோரம் போய் நின்று பேசினீர்கள். அது நேற்றிலிருந்து கண்ணை விட்டுப் போகவில்லை.

ஞாயிறு அந்த மேடையில் ஏறினால் உங்களை மறுபடியும் சுவரோரம் நிறுத்தியதாகிவிடும். நகலைப் பிரதீபா மேடத்திடம் கொடுத்துவிடுகிறேன். பரிசையும் திருப்பித் தருகிறேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் நீங்களே முதலில் அவரிடம் பேசுங்கள். திட்டினால் திட்டட்டும், நான் பக்கத்திலேயே இருப்பேன்.

வீடியோவிலேயே வாருங்கள், அத்தா. வேலை நேரமானாலும் பரவாயில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று பேசுங்கள். தொப்பியைக் கழற்ற வேண்டாம்.

உங்கள் உடல்நலத்துக்காக எப்போதும் துஆ கேட்கும் மகள்,
அஃப்ரீன்