மாட்டுக்கு முன்னால் தீட்டிய கத்தி

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள், செவ்வாய்.

கல்முனைக் கடையில் கத்தி தீட்ட இரண்டு சாமான் காட்டினார்கள்: கத்தியை உள்ளே விட்டு இழுக்கும் உருளை, இரண்டு பக்கமும் தீட்டும் கல். "காய்கறி வெட்டுற குசினிக் கத்திக்கு உருளையே காணும். அறுக்கிற கத்திக்குக் கல்லுதான் சரி, நானா," என்றார் கடைக்காரர். கல்லையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கவில்லை. முற்றத்திலேயே குந்தி, குசினிக் கத்தியைத் தீட்டினேன். தக்காளி நசியாமல் வெட்டுப்பட்டது. அந்தச் சந்தோசத்தில், நாளைக்குக் குர்பான் அறுக்க வைத்திருந்த நீளக் கத்தியையும் எடுத்துத் தீட்டினேன்.

"வாப்பா, மாடு பாத்துக்கிட்டு நிக்கிது," என்றாள் மகள்.

தென்னையில் கட்டியிருந்த குர்பான் மாடு வைக்கோலை விட்டுவிட்டு என்னையே பார்த்தது. மாட்டின் கண்ணுக்கு முன்னால் கத்தி தீட்டக் கூடாதென்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். என்ன பயன்?

இரவு இஷா தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். வைக்கோல் அப்படியே கிடக்கிறது. நாளைக்கு எனக்குப் பதிலாக மச்சானிடம் அறுக்கச் சொல்லலாம். ஆனால் அது பார்த்தது என்னை.