அப்பா வேஷம்

நோபல் பார்க், மெல்பேண்
4 யூலை 1976

அன்புள்ள கலா,

இதை ஒருவருக்கும் காட்டாதே. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு மேலே வாசி. உன் அம்மாவுக்கு அவுஸ்திரேலியாக் கடிதம் என்றால் ஒழுங்கை முழுவதற்கும் கேட்க உரத்து வாசிக்க வேண்டும். ஆகவே தபாற்காரரைச் சந்தியிலேயே மறித்து வாங்கிக்கொள். உன் கேதீஸ் அண்ணாவுக்கு அறவே வேண்டாம். அவர் என் அப்பாவிடம் கணக்குப் படித்தவர்.

அப்பா ஞாயிறுதோறும் ஊருக்கு எழுதும் வான்கடிதத்தில் கடைசி மடிப்பை எனக்கு விடுவார். அதில் "நான் சுகம், கவனமாகப் படிக்கிறேன்" என்று எழுதுவேன். அது அப்பா வாசிப்பதற்கு. இது போர்வைக்குள் டோர்ச் பிடித்து எழுதுவது. அம்மா பிஸ்கட் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போய்விட்டா. அப்பா பக்கத்து அறையில் கொப்பி திருத்துகிறார்.

வகுப்பில் நான் ஒருத்திதான் கறுப்பு. வெய்ன் என்று ஒருவன் கடைசி வாங்கில் இருக்கிறான். இரண்டு விரலால் கண்ணின் ஓரங்களை இழுத்துப் பிடித்து, "இப்படித்தான் உனக்கு எல்லாம் தெரியுமா?" என்று கேட்கிறான். நான் சீனத்தி இல்லை என்றால், "எல்லாம் ஒன்றுதானே" என்கிறான். குங்ஃபூ தெரியுமா, பாம்பு வளர்க்கிறாயா, யானையில் பள்ளிக்குப் போவாயா என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. ஆசியா முழுவதையும் ஒரே வளவுக்குள் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். கோபமாகவும் கேட்பதில்லை. சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அதனால் அழவும் முடியவில்லை.

இது பரவாயில்லை. போன மாதம் அப்பாவுக்கு எங்கள் பள்ளியிலேயே வேலை கிடைத்தது. எங்கள் வகுப்புக்கே கணக்கு! நிரந்தரம் இல்லை, வருட முடிவில் பிரின்சிப்பல் நல்லபடி எழுதினால்தான் அடுத்த வருடமும்.

அப்பா ஓம் என்பதற்கு எப்படித் தலையாட்டுவார் என்று உனக்குத் தெரியும்தானே? நாங்கள் எல்லாரும் ஆட்டுவதுதான். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும். அங்கே அது ஒன்றுமேயில்லை. இங்கே அப்படி ஒருவரும் ஆட்டுவதில்லை. வெய்ன் எழும்பி, "சேர், விடை சரியா?" என்று கேட்பான். அப்பா ஆட்டுவார். உடனே முழு வகுப்பும் ஆட்டும். அப்பா, பிள்ளைகள் தங்களுக்கு விளங்கிவிட்டது என்று சொல்கிறார்களாக்கும் என நினைத்து இன்னும் ஆட்டுவார். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சந்தோசமான பிள்ளையள், இரஞ்சிதம். ஒண்டுக்கும் முகம் சுழிக்காதுகள்" என்கிறார்.

நான் மூன்றாவது வரிசையில் தலையை அசைக்காமல் இருக்கிறேன். கழுத்து நோகிறது. என்ன செய்யட்டும், சொல்லு.

உன்,
பாமா


கொக்குவில்
21 யூலை 1976

என் பாமா,

சந்தியில் மறித்து வாங்கியாயிற்று. தபாற்காரர், "ஆர் பிள்ளை, பொடியனோ எழுதுறான்?" என்று கேட்டார். உன்னால் எனக்குக் கெட்ட பெயர். அனுபவிக்கிறேன்.

உன் அப்பாவைப் பார்த்தா ஆட்டுகிறார்கள்? அவர் சைக்கிள் மணி கேட்டால் அண்ணா தன் சைக்கிளால் இறங்கி வேலியோரம் நிற்பான். நீங்கள் போய் ஆறு மாதம், இன்னும் உங்கள் வீட்டு மூலையில் இறங்குகிறான்.

நீ அழாதே, விளங்கப்படுத்தவும் போகாதே. விளங்க வேண்டும் என்றா கேட்கிறார்கள்? பகிடிக்குப் பகிடிதான் மருந்து. "ஓம்" என்று சொல்லு. அவர்கள் ஒரு முழம் சொன்னால் நீ ஒன்பது முழம் சொல்லு. யானையில் வருவாயா என்றால், "ஓம், இண்டைக்கு அதுக்குக் காய்ச்சல், அதுதான் பஸ்ஸில வந்தனான்" என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொல்லு. தாங்கள் கேட்டது எவ்வளவு மடைத்தனம் என்று தங்கள் காதாலேயே கேட்கட்டும். பரமேஸ்வரி ரீச்சரையே சிரிக்க வைத்தவள் நீ. வெய்ன் எம்மாத்திரம்?

என்ன நடந்தது என்று உடனே எழுது. யானைக்குச் சுகமா என்றும் எழுது.

உன்,
கலா


நோபல் பார்க்
13 ஓகஸ்ட் 1976

அன்புள்ள கலா,

யானை சுகம். வேலை செய்துவிட்டது!

செவ்வாய்க்கிழமை வெய்ன் வழக்கம்போல, "உங்கள் நாட்டில் வீடு இருக்கிறதா?" என்று கேட்டான். நான், "இல்லை, மரம்தான். எங்களுடையது மூன்று அறை மரம். உங்கள் தூதருக்கு மரியாதைக்காக ஊரிலேயே உயரமான மரத்தைக் கொடுத்தோம். ஏறத் தெரியாமல் இன்னும் கீழேயே நிற்கிறார்" என்றேன். முழு வகுப்பும் சிரித்தது. அவனைப் பார்த்து, கலா, என்னைப் பார்த்து அல்ல! அவன் உடனே கண்ணை இழுத்தான். "அப்படி இழுத்தால் கரும்பலகை எப்படித் தெரியும்? அதனால்தான் நீ கணக்கில் பெயில்" என்றேன். அவன் காது இரண்டும் சிவந்து போயிற்று. வெள்ளைக்காரர் சிவப்பது பார்க்க வேண்டிய காட்சி.

பிறகு இரண்டு பெண்கள் இரகசியமாக வந்து, தூதர் இப்போது ஏறிவிட்டாரா என்று கேட்டார்கள். உண்மையாகவே கேட்டார்கள். நான் என்ன செய்ய?

டெபி என்றொருத்தி இருக்கிறாள், வகுப்பில் எல்லாரும் அவள் பின்னால்தான். அவள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பக்கத்தில் இருத்தினாள். இந்த ஏழு மாதத்தில் நான் தனியாகச் சாப்பிடாதது அன்றுதான் முதல்.

இனி எழுதுவதை வாசித்ததும் கிழித்துவிடு. நேற்றைக்கு முந்தினநாள் டெபி, "நீ நல்ல பகிடிக்காரி. உன் அப்பாவைச் செய்து காட்டேன்" என்றாள். நான் மாட்டேன் என்றேன். எல்லாரும், "செய், செய்" என்று மேசையில் தட்டினார்கள். ஒரே ஒரு தரம் செய்தேன். சோக்கட்டியை இரண்டு விரலால் பிடித்து, "வெரி குட், வெரி குட்" என்று தலையை ஆட்டினேன்.

அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டெபி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

எனக்குப் பிடித்திருந்தது, கலா. அதுதான் பயமாக இருக்கிறது. நேற்றும் கேட்டார்கள். நேற்றும் செய்தேன்.

உன்,
பாமா


கொக்குவில்
2 செப்டெம்பர் 1976

பாமா,

தூதர் பகுதிக்குக் குசினியில் இருந்து சத்தமாகச் சிரித்தேன். அண்ணா, "என்னடி?" என்று எட்டிப் பார்த்தான். அதற்குள் மற்றப் பகுதிக்கு வந்துவிட்டேன். "ஒண்டுமில்லை" என்று கடிதத்தை அடுப்பில் போட்டேன். நீ கிழிக்கத்தான் சொன்னாய், எனக்கு அது காணாது போலிருந்தது.

நான் சொன்ன பகிடி வெய்னுக்கு. சேருக்கு அல்ல.

உன்னைத் திட்ட எனக்கு மனமில்லை. தனியாகச் சாப்பிடுவது எப்படியென்று எனக்குத் தெரியாது. ஆனால் இனிக் கேட்டால் வெய்னைச் செய்து காட்டு. உனக்கு எல்லாரையும் செய்ய வரும். பகிடி எல்லாருக்கும் பொது என்றால் அவர்களையும் செய்யத்தானே வேண்டும்?

கலா


நோபல் பார்க்
7 நவம்பர் 1976

அன்புள்ள கலா,

இரண்டு மாதமாக எழுதவில்லை, கோபிக்காதே. நல்ல செய்தி ஏதும் வந்தால் எழுதலாம் என்று இருந்தேன்.

நீ சொன்னபடி வெய்னைச் செய்தேன். நன்றாகவே செய்தேன். கதிரையில் சரிந்து, வாயைத் திறந்து சூயிங்கம் மென்று, முகத்தில் இலையான் விரட்டி, "எனக்குத் தெரியாது, சேர்" என்று இழுத்தேன். அச்சு அசல் வெய்ன். உன் ஒழுங்கை முழுவதும் விழுந்து சிரித்திருக்கும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சூயிங்கம் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. "இதில் என்ன பகிடி?" என்றான் வெய்ன். டெபி மெதுவாக, "அது மரியாதையில்லை, பாமா. அவன் இங்கே பக்கத்திலேயே இருக்கிறானே" என்றாள். என் அப்பாவும் பக்கத்து வகுப்பில்தான் இருந்தார். அன்று நான் மீண்டும் தனியாகச் சாப்பிட்டேன். அடுத்தநாள் டெபி வந்து, "சரி, அப்பாவைச் செய்" என்றாள். செய்தேன்.

இனித்தான் முக்கியமானது. டிசெம்பரில் இங்கே வருட முடிவுக் கலைவிழா. அதில் மாணவர்கள் ஆசிரியர்களைப் போல நடித்துப் பகிடி பண்ணுவார்கள். அது இந்தப் பள்ளியின் வழக்கமாம். பெற்றோரும் வந்து பார்ப்பார்களாம். எங்கள் ஊரில் செய்தால் அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. என்னை அப்பாவாக நடிக்கச் சொல்லிவிட்டார்கள். சாம்பல் நிறப் போர்வைக்குள் இரண்டு பெடியன்கள் யானையாக வருவார்கள், நான் அதன் மேலிருந்து இறங்கி, "வெரி குட்" சொல்ல வேண்டும். வெய்ன் யானையின் பின்பக்கம்.

விழாவுக்குப் பொறுப்பான மிஸ் ஹார்ப்பரிடம் போய், எனக்கு வேண்டாம், அப்பாவுக்குப் பிடிக்காது என்றேன். "நான் அவரிடமே கேட்டுவிட்டேனே" என்று சிரித்தார்.

"என்ன சொன்னவர், மிஸ்?"

"தலையை ஆட்டினார். ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் சிரித்தபடி ஆட்டினார். ஓம் என்று எடுத்துக்கொண்டேன்."

அவர் ஓம் என்றுதான் ஆட்டினாரா? என்ன கேட்டார்கள் என்று விளங்கி ஆட்டினாரா? எனக்கே தெரியவில்லை, கலா. பதினான்கு வருடமாக அந்தத் தலையைப் பார்க்கிறேன்.

அவர் வீட்டில் சொல்வதெல்லாம், "பிள்ளை கலைவிழாவில நடிக்கிறாள்" என்பது மட்டும்தான். எங்களைப் போல ஊரில் இருந்து வந்த தேவராஜா அங்கிள் குடும்பத்தையும் வரச் சொல்லிவிட்டார். அன்ரி புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாவாம்.

நான் காய்ச்சல் என்று படுக்கவா? உண்மையைச் சொல்லவா? சொன்னால், இவ்வளவு நாளும் வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் செய்ததையும். விழா டிசெம்பர் எட்டு. அதற்கு முன் எழுது. தயவு செய்து எழுது.

உன்,
பாமா


நோபல் பார்க்
7 டிசெம்பர் 1976

அன்புள்ள கலா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. இன்றும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தபால் பிந்தியிருக்கலாம். நீ எழுதாமலும் விட்டிருக்கலாம். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். நாளைக்குத்தான் விழா.

இன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அம்மா வேலைக்குப் போனபின், நானும் அப்பாவும் மட்டும். புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அப்பா, நாளைக்கு நீங்கள் வரவேண்டாம்."

"ஏன்?"

"நான் உங்களைத்தான் நடிக்கிறன்."

"தெரியும். மிஸ் ஹார்ப்பர் கேட்டவ. ஓம் எண்டனான்."

"அவை உங்களைப் பகிடி பண்ணப் போகினம், அப்பா. யானையும் வருது."

"யானையோ?" என்றார். "அதை அவ சொல்லேல்லை. சரி, வரட்டும். யாழ்ப்பாணத்தில நான் யானையைக் கண்டதே ரெண்டு தரம்தான்."

பகிடி விட்டார், கலா. என் அப்பா. நான் அழத் தொடங்கினேன். "வகுப்பில எல்லாரும் தலையை ஆட்டுறது உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "முதல் கிழமையே விளங்கினது. ஒருநாள் ஆட்டாமல் இருந்து பாத்தன். பேப்பர் உருண்டை எறிஞ்சு வகுப்பைக் குழப்பிப் போட்டுதுகள். அடுத்தநாள் கொஞ்சம் கூட ஆட்டினன். சிரிச்சுப் போட்டு இருந்து கணக்குச் செய்யுதுகள். பிரின்சிப்பல் சொல்லுறார், 'நீங்கள் பகிடியைத் தாங்கிற ஆள், இப்பிடி ஆள்தான் எங்களுக்கு வேணும்' எண்டு. அடுத்த வருசத்துக்கு எழுதிறாராம். அழாதை. நீயும் அப்பிடித்தானே சமாளிக்கிறாய்?"

நான் செய்வதும் அவருக்குத் தெரியும். பக்கத்து வகுப்புச் சுவர் மெல்லியது.

"தேவராஜா அங்கிள் ஆக்கள்?" என்று கேட்டேன்.

"அவைக்குப் பின்னேரம் போன் பண்ணி, விழா பள்ளிக்கூடத்து ஆக்களுக்கு மட்டும்தானாம் எண்டு சொல்லிப் போட்டன்." என் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவப் போனார். "அம்மாவுக்கும் இதுகளைச் சொல்லிக்கொண்டிராதை."

ஆனால் தான் வருவாராம். ஆசிரியர்கள் எல்லாரும் முன்வரிசையில் இருக்க வேண்டுமாம், அவர் மட்டும் இல்லாவிட்டால் பிரின்சிப்பல் என்ன நினைப்பார்? நான் நடிக்காவிட்டால் வெய்ன் நடிக்கப் போகிறானாம். அதைவிட நானே நடிப்பது நல்லது என்கிறார். "நீயெண்டால் அளவோடை செய்வாய்."

அளவு என்றால் எவ்வளவு, கலா? குறைய ஆட்டினால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், கூட ஆட்டச் சொல்லிக் கத்துவார்கள். கூட ஆட்டினால் முன்வரிசையில் இருந்து அப்பாதான் முதல் ஆளாகச் சிரிப்பார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சிரிப்பார். அதை நான் மேடையில் நின்று பார்க்க வேண்டும். வெய்னுக்குச் சொல்ல எனக்கு நூறு பகிடி வரும். இதற்கு ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டதிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது அவர் அறையில் இஸ்திரிக்கை வைக்கும் சத்தம் கேட்கிறது. இன்டர்வியூவுக்குப் போட்ட கோட்டைத் தேய்க்கிறார். எனக்காகத்தான். நாளைக்கு நான் அதைத்தான் போட வேண்டுமாம், பழையதைப் போட்டால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களாம்.

சத்தம் நின்றுவிட்டது. கலா, கதவைத் தட்டுகிறார். "பிள்ளை, நித்திரையே? லைற் தெரியுது. கோட்டைப் போட்டு ஒருக்கா எனக்கு நடிச்சுக் காட்டு, பாப்பம்" என்கிறார். இதைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கிறேன்.