உன் தங்கச்சிக்குக் கிடைக்காத உதவித்தொகை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் வந்து வந்து போகுது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிறேன்னு நம்புறேன். தங்கச்சிக்கு அந்த உதவித்தொகை என்னாச்சுன்னு போன்ல கேட்டுக்கிட்டே இருக்கே, வாயால சொல்ல ஆரம்பிச்சா நான் போடுற சத்தத்துல அக்கம்பக்கம் கூடிடும், அதான் எழுதுறேன். கிடைக்கலை.

சமூக சேவையில் ஈடுபாடுள்ள பிள்ளைகளைப் பெரிய தனியார் கல்லூரியில் படிக்க வைக்கிறோம்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிச்சே ஒரு அறக்கட்டளை, அவங்கதான். மாடி வீட்டுத் தச்சருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. அவங்ககிட்ட விளையாட்டா சைகை மொழி கத்துக்கிட்ட உன் தங்கச்சி, இப்ப அந்த மாதிரி யாருக்கு ஆஸ்பத்திரி, பேங்க், போலீஸ் ஸ்டேஷன்னாலும் கூடப் போய்ப் பேசிக் கொடுக்கிறா. இதைவிட என்ன ஈடுபாடு வேணும், சொல்லு. நேர்முகத் தேர்வு அன்னைக்கு இஸ்திரி போட்ட சுடிதாரோட வாசல் இறங்குறா, தச்சர் தலைதெறிக்க ஓடி வர்றார், நிறைமாசமா இருந்த பெண்டாட்டிக்குப் பனிக்குடம் உடைஞ்சுபோச்சு. நான் கூடப் போறேன்டி, நீ தேர்வுக்குப் போன்னேன். நீ போய் அவங்ககிட்ட என்னம்மா பேசுவேன்னு கேட்டுட்டு வண்டியில ஏறிட்டா, பின்னாடியே நானும் ஏறினேன். குழந்தைக்குக் கழுத்துல கொடி சுத்தியிருந்திருக்கு. முக்காதே, நிறுத்துன்னு டாக்டர் கத்தினதை இவ உடனே கையால சொன்னதாலதான் குழந்தை பிழைச்சுதுன்னு டாக்டரம்மாவே என்கிட்ட சொன்னாங்க. பெண் குழந்தை.

அங்கிருந்து தேர்வு நடக்குற இடத்துக்கு வேர்த்து விறுவிறுத்து ஓடினோம். ஏசி ரூம், மேஜை நிறைய பிஸ்கட், சாய்ஞ்சு உட்கார்ந்த பெரிய மனுஷங்க. நடந்ததைச் சொன்னா, செயலாளரம்மா மூக்குக்கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, நேரம் தவறாமைதான் சேவைக்கு முதல் படி, உனக்கு ஈடுபாடு பத்தாதும்மாங்கிறா! பிஸ்கட் தட்டை அவ தலையில கவிழ்த்திருப்பேன், இவதான் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா, எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. கடைசியில யாருக்குக் கொடுத்தாங்க தெரியுமா, ஒரே மரக்கன்னை வச்சுக்கிட்டு சட்டையை மாத்தி மாத்திப் போட்டோ எடுத்த மகராசனுக்கு. அந்தக் கன்னு ஒரு சொட்டுத் தண்ணியைப் பார்த்திருக்குமா.

இதோட விட்டாங்களா. கொஞ்ச நாள் கழிச்சு அதே அம்மா போன் பண்ணி, பரிசளிப்பு மேடையில ஓரமா நின்னு சைகை செய்யணும், பார்க்க எடுப்பா இருக்கும், சேவையா நினைச்சுச் செய்மாங்கிறா. என்ன நெஞ்சழுத்தம் பாரு. இவ பதிலுக்கு, காது கேட்காதவங்க யாரைக் கூப்பிட்டிருக்கீங்கன்னு கேட்டிருக்கா. அப்படி யாரையும் கூப்பிடலையாம். அப்ப நானே கூட்டிட்டு வர்றேன், முன்வரிசையைக் காலியா வைங்கன்னு சொல்லிட்டா. போனோம். தச்சர், மடியில குழந்தையோட அவர் பெண்டாட்டி, அவங்களை மாதிரியே காது கேட்காத சிநேகிதக்காரங்க எல்லாரும் முன்னாடி. அறக்கட்டளைத் தலைவர் சேவையைப் பத்தி முழங்கு முழங்குன்னு முழங்குறார், இவ பக்கத்துல நின்னு கையை ஆட்டுறா, முன்வரிசை மொத்தமும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு அந்த ஆள் பேச்சை இன்னும் நீட்டுறார். வரும்போது, அப்படி என்னதான்டி சொன்னேன்னு கேட்டேன். அவர் உருப்படியா ஒண்ணுமே சொல்லலையேம்மா, அதனால, இன்னும் பேசுறார், இன்னும் பேசுறார், குழந்தை பால் குடிச்சுதான்னு கேட்டேங்கிறா.

அவங்க பெரிய காலேஜ் அவங்களோட இருக்கட்டும். அரசுக் கல்லூரியில இடம் கிடைச்சு இவ சேர்ந்தாச்சு, பஸ் மாறிப் போகணும், போவா. அவ படிப்புச் செலவுக்குன்னு நீ ராவும் பகலும் கூடுதல் வேலை பார்க்கிறேன்னு கிளம்பாதே. அவளைக் கூப்பிட்டுப் பேசு, ஆனா ஆறுதல் சொல்றேன்னு ஆரம்பிக்காதே. அவ அழுது முடிச்சுட்டா, எனக்குத்தான் இன்னும் ஆறலை. நோய்நொடி இல்லாம, நாலு நல்ல மனுஷங்களோட நீ நல்லா இருக்கணும்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா