அருவிக்கரையில் சாரல்

தென்காசி
பிரமாதி வருஷம் ஆடி மாதம் 12ஆம் தேதி

சிரஞ்சீவி ஆவுடையப்பனுக்கு அம்மா எழுதுவது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நீ உன் கையால் எழுதியிருக்கிறாய். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பட்டணத்து வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

பத்து நாளாகச் சாரல் விடவில்லை. மலை இருக்கும் இடமே தெரியவில்லை, துவைத்த சேலை மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. காலையில் தண்ணீருக்குப் போகும்போது தெருவே புகைபோல மூடிக்கிடக்கும். மேகம் கொஞ்சம் விலகினால் மண்டிக்கடைப் பலகையில் முதலில் ஒரு ‘அ’ தெரியும், பிறகு ‘ரி’, பிறகு ‘சி’. மீதி எழுத்தும் வரட்டும் என்று குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுவிடுகிறேன். நாற்பத்திரண்டு வயது வரை அது எனக்கு வெறும் பலகை. உன் கடிதங்களை முன்பெல்லாம் தபால்காரர் சிவசைலம் தெருவுக்கே கேட்க வாசிப்பார். போன தையில்தான் நானே வாசித்தேன். ‘அம்மா’ என்று நீ எழுதிய இடத்தை விட்டு நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. மண்டியின் பின்கட்டில் மத்தியானம் நாச்சியார் டீச்சர் நடத்தும் வகுப்பு தந்தது அது.

அந்த வகுப்புக்குச் சர்க்கார் கொடுத்த கிராண்டை நிறுத்திவிட்டதாக உன் ஆபீஸ் காகிதம் வந்தது. பதினேழு பெண்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை என்று அதில் இருந்தது. பதினேழு பேரும் அதை வாசித்தோம். உன் கடிதங்களில் ஒற்றைக் கொம்பு பாம்புச் சுருள்போல இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும், அந்தத் ‘தெரியவில்லை’யிலும் அப்படியே சுற்றியிருந்தது. நடந்ததைக் கேள். வைகாசிக் கடைசியில் வந்த இன்ஸ்பெக்டர், நமக்கு மேற்கே அருவி விழும் ஊரின் பெயரை எழுதி அங்கே சாரல் பெய்கிறது என்று பலகையில் எழுதினார். உன் அப்பா பெயரில் பாதி அது. என்னை எழுப்பினார், அருவிக்கரையில சாரல் பெய்யுது என்றேன். குருவம்மாளுக்கு மாமனார் பெயர், எங்க மாமா ஊர்ல பெய்யுது என்றாள். மூக்கம்மாளுக்கும் வீட்டுக்காரர் பெயர் அதுதான், எங்க வீட்டு அவுக மேல சாரல் பெய்யுது சார் என்றாள், வகுப்பே சிரித்தது. மற்றவர்களை அவர் கேட்கவே இல்லை. சார், அது அவுக வீட்டுக்காரர் பேரு, வாயால சொல்ல மாட்டாக என்று டீச்சர் கெஞ்சினாள். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று பேனாவை மூடினார். அவர் வீட்டு அம்மாள் அவரைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறாள்? சீசனுக்கு வரும் பெரிய மனிதர்களின் பங்களாச் சாலைக்கு வருஷம் இரண்டு தரம் சரளை கொட்ட முடிகிறது, எங்களுக்கு ஒரு டீச்சர் வைக்க முடியவில்லை. அப்பா கேட்டுவிட்டு, ஏட்டி, நான் வேணா பேரை மாத்திக்கிடுதேன், நீ படி என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி முடிந்தால் டீச்சர் செங்கோட்டைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். மூக்கம்மாள் மகன் ரங்கூனில் இருக்கிறான், அவள் இன்னும் கடிதம் எழுதும் பாடத்துக்கு வரவில்லை.

முந்தாநாள் கனவில் அருவி எழுத்து எழுத்தாக விழுந்தது. நாங்கள் பதினேழு பேரும் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம், ஒன்றுகூட வலிக்கவில்லை. விழித்ததும் ஒரு யோசனை வந்தது. வாய்தான் சொல்லக்கூடாது, கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. இதோ எழுதுகிறேன். குத்தாலிங்கம். குற்றாலத்தில் சாரல் பெய்கிறது.

மேலதிகாரி சொன்னதை நீ நகல் எடுத்திருப்பாய், அது உன் பிழைப்பு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. விசுவநாதர் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும்.

உன் அம்மா
வடிவாம்பாள்
(யாரும் எழுதித் தரவில்லை)

மறந்துவிடாதே. இதை உன் மேலதிகாரி மேசையில் வை. முன்பு போட்ட இரண்டு கார்டுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. எங்களுக்கு வாசிக்கத் தெரியும் என்று அதே கையால் எழுதி அனுப்பு.