வெள்ளைக்கல் வெடித்த ஞாயிறு

நேற்றைய ஞாயிறு நடைக்கு வந்திருந்த கணக்கு டீச்சர் ஒருவர், விளையாட்டாக இரண்டு வெள்ளைக்கற்களை எடுத்து ஒன்றோடொன்று மோதினார். ஒரு கருகிய வாடை எழுந்தது. பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இந்த ஞாயிறு நடைகளைத் தொடங்கியவள் நீ. நாம் ஒரே பள்ளியில் அறிவியல் டீச்சர்கள். ஆசிரியர்களும் ஆசைப்பட்ட மற்றவர்களும் வந்து, நம் தங்க வயலின் கல்லையும் மண்ணையும் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்றாய். இதையெல்லாம் நடத்துகிறவர்கள் பொறுமையாகப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். நீ கத்தினாய். மாரிக்குப்பம் பக்கம், தலையணை அடுக்கியது போல் உப்பிக் கிடக்கும் எரிமலைப் பாறையில், ஞாபகத்துக்கு ஒரு துண்டு பெயர்க்கலாம் என்று ஒருவர் சுத்தியலை ஓங்கினார். அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, "இன்னா சார், உங்க ஊட்டு செவுரா இது?" என்றாய். அவர் ஒரு தலைமையாசிரியர். பாவம், அடுத்த நடைக்கும் வந்தார்.

உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா சுரங்கத்தில் மேஸ்திரி. நாம் சிறுமிகளாக இருந்தபோது, ஆழத்தில் பாறை வெடித்து அவரும் அவர் கீழே வேலை பார்த்தவர்களும் நசுங்கிப்போனார்கள். மேஸ்திரி தப்பான இடத்தில் துளை போடச் சொன்னார், அதனால்தான் வெடித்தது என்று சுரங்கக்காரர்களின் லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. செத்தவர்களில் செல்வத்தின் அப்பாவும் ஒருவர். செல்வத்தின் அம்மா வருஷா வருஷம் அதே நாளில் உங்கள் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றுவாள். "உங்க வம்சம் வெளங்குமாடி?" ஒரு வருஷம் நீ பாய்ந்து அவள் கையை ரத்தம் வரக் கடித்தாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே குடியிருந்தன.

செல்வம் வளர்ந்து, தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்க்கிறவனானான். போனில் வந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு நடைக்கு வந்து நின்றான். நடத்துவது நீ என்று அவனுக்குத் தெரியாது. சயனைடு மேட்டின் மேல், தங்கம் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய ஆலை மணலில் நின்றுகொண்டு நீ சொல்லிக்கொண்டிருந்தாய்: ஆழத்தில் பாறை எந்நேரமும் நெருக்கப்பட்டே இருக்கிறது, தோண்டத் தோண்டச் சில இடத்தில் தாங்காமல் வெடிக்கும்.

"தானா வெடிக்குமா? ஆள் தப்பு பண்ணாமயா?" என்று செல்வம் முன்னால் வந்தான். "எங்கப்பாவைக் கொன்னது உங்கப்பன்டி!"

குனிந்து மணலை அள்ளி உன் முகத்தில் அடித்தான். நீ அவன் முட்டியில் ஓங்கி உதைத்தாய். இருவரும் கட்டிப் புரண்டு சரிவில் உருண்டீர்கள். நானும் அந்தத் தலைமையாசிரியரும்தான் பிரித்து இழுத்தோம்.

வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு வேனுக்குப் போனாய். பலகையில் பொருத்திய, திருகி இறுக்கும் இரும்பு வைஸைத் தூக்கி வந்து போட்டாய். அதன் வாயில் ஒரு வெள்ளைக்கல் சில்லை வைத்தாய். எல்லோரையும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டச் சொல்லி, நீயும் மாட்டிக்கொண்டாய்.

"செல்வம், வா. நீ திருப்பு. மெதுவா."

திருப்பினான். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. அவன் சலித்துப்போய் உன்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை அழுத்தினான். கல் டப்பென்று வெடித்தது, கருகிய வாடை எழுந்தது. சில்லு ஒன்று கண்ணாடிக்கு மேலே உன் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணாடி மேல் வழிந்தது, நீ துடைக்கவில்லை.

"உன் கை இன்னா தப்பு பண்ணுச்சு, சொல்லு?"

"நீதான திருப்பச் சொன்ன!" என்று அலறினான்.

"சொன்னேன். எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியுமா? எங்கப்பனுக்கு மட்டும் தெரியுமா?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நெற்றியில் தையல் போட்டதும் அவனே நம்மை ஆண்டர்சன்பேட்டைக்கு, தன் அம்மாவிடம் அழைத்துப் போனான். நமக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நடந்ததை அவளிடம் சொன்னான். அவள் உன் நெற்றிக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாறைதான் கொன்னுச்சுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "அவ்ளோ ஆழத்துல கீற கல்லு மேல நான் எப்டிம்மா மண்ணைத் தூத்துறது? உங்க வாசல்தான் கிட்ட இருந்துச்சு."

நீ டம்ளரைச் சுவரில் வீசினாய். காப்பி வழிந்தது. கிழவி அசையவில்லை. தன் டம்ளரை உன் பக்கம் நகர்த்தி, "இதையும் வீசு" என்றாள். நீ அதையும் வீசினாய். தெருவுக்கு வந்த பிறகுதான் உனக்கு அழுகை வந்தது. "இத்தினி வருசம்டி!" என்று என் தோளில் குத்திக்கொண்டே அழுதாய். மறுநாள் என் தோள் கன்றிப்போயிருந்தது.

போன மாதம், ரயிலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாயாம். அதே பெட்டியில் செல்வம் இருந்திருக்கிறான். பங்காருபேட்டை ஸ்டேஷனில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கே நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறான். பிரயோஜனமில்லை. "ஒரு வாரமா வலிக்குதுன்னு சரியறப்பதான் சொன்னாங்க. டாக்டரு வாயுன்னு சொல்லிட்டாராம்" என்று என்னிடம் சொல்லி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

நடைகளை இப்போது நான் நடத்துகிறேன். நானும் கத்துகிறேன். உன் சாவுக்கு யார் பொறுப்பு என்று ரயிலைத் திட்டிப் பார்த்தேன், டாக்டரைத் திட்டிப் பார்த்தேன். ஆறவில்லை. வாசல்தான் கிட்ட இருந்தது என்று அந்தக் கிழவி சொன்னது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஒரு வாரம் வலித்திருக்கிறது, பக்கத்து மேஜையில் இருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா, பாவி? தினமும் காலையில் உன்னைத் திட்டிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறேன்.